முதுகுல ஊசியா, முழு மயக்கமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயசு, மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்ல மூட்டை தூக்குனவரு. வலது தொடை இடுக்குல குடலிறக்கம். பீடி பழக்கத்தால இளைப்பு, இருமல் இருக்கு, ப்ராஸ்டேட்டுக்கும் மாத்திரை சாப்பிடுறாரு. முதுகுல ஊசி போட்டு ஆபரேஷன் பண்ணலாம்னு டாக்டர் சொல்றாரு, அத்தையோ அந்த ஊசி போட்டா காலம்பூரா முதுகு வலிக்கும், முழு மயக்கம் குடுத்துப் பண்ணச் சொல்லுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. எது நல்லது டாக்டர்?
வாசகி, செக்கானூரணி

பதில்: அத்தை பயத்துக்காக முழு மயக்கத்துக்குப் போக வேணாம்மா. ஊசி குத்துன எடம் சில நாள் வலிக்கலாம், ஆனா வருசக்கணக்கா வர்ற முதுகு வலிக்கு அந்த ஊசிதான் காரணம்னு நிரூபணம் ஆகல. சிலருக்கு உக்காந்தா தலைவலிக்கும், படுத்தா கொறையும், இப்ப உள்ள மெல்லிசான ஊசியில அதுவும் கம்மி.

எனக்குக் கவலை அப்பாவோட நெஞ்சுதான். முழு மயக்கம்னா பெரும்பாலும் தொண்டைக்குள்ள டியூப் விட்டு மெஷின்ல மூச்சு குடுப்பாங்க, பீடி குடிச்ச நுரையீரலுக்கு அதுக்கப்பறம் சளி கட்டி இருமல் புடிச்சா ஒவ்வொரு இருமலுக்கும் தையல் போட்ட எடம் சுண்டி இழுக்கும். சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பண்ற லேப்ராஸ்கோப்பிக்கு பொதுவா முழு மயக்கம்தான் வேணும், அதனால இவருக்கு ஓப்பனா கீறி வலை வச்சுத் தைக்கிறதே நல்லதுன்னு நெனைக்கிறேன்.

முதுகு ஊசியிலயும் ஒண்ணு கவனிக்கணும். இடுப்புக்குக் கீழ சில மணி நேரம் மரத்துக் கெடக்கும்போது மூத்திரப் பையும் சேந்து மரத்துரும், ப்ராஸ்டேட் வீக்கம் உள்ளவங்களுக்கு அடிவயிறு முட்டிக்கிட்டு நிக்கலாம், ஒண்ணுக்குப் போக முடியாமப் போகலாம், மூத்திர டியூப் போட வேண்டி வரலாம். அதனால டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேளுங்க, அந்த எடத்த மட்டும் மரக்க வச்சுப் பண்ண முடியுமான்னு. முழிச்சுத்தான் இருப்பாரு, உள்ள இழுக்குறது தெரியும், சுருக்குன்னு வலி இருக்காது, சீக்கிரமே எந்திரிச்சு நடக்கலாம், மூத்திரம் அடைக்கிறதும் கம்மி. ஆனா குடலிறக்க வீக்கம் பெருசா விதைப்பை வரைக்கும் எறங்கியிருந்தா அது சரிப்படாது, அப்ப முதுகு ஊசிதான்.

மயக்க டாக்டரப் பாக்கும்போது சாப்பிடுற மாத்திரை அத்தனையும் அட்டையோட கொண்டு போங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுத்தா கண்டிப்பா சொல்லணும், முதுகு ஊசி போட்ட எடத்துல உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சு தண்டுவடத்த அழுத்திரலாம், அதுக்காக நீங்களா நிறுத்தவும் கூடாது. பீடிய இன்னைக்கே விடச் சொல்லுங்க.

தேதி வர்றதுக்குள்ள வீக்கம் கல்லு மாதிரி ஆகி, வலியோட உள்ள போகாம, வாந்தியும் வந்தா எந்த ஊசின்னு பேசிக்கிட்டு இருக்காம மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைக்கு உடனே கூட்டிட்டுப் போங்க.