கோடையில் துபாய்க்குப் பிள்ளைகளோடு போகும் மலைக்காரர்களுக்கு: கேள்வி பதில்

16 வருஷம் துபாயில் குடும்பம் நடத்தி, இரண்டு பிள்ளைகளை அங்கேயே வளர்த்துவிட்டு, இப்போது கோத்தகிரிக்கே திரும்பி வந்து இருக்கிற கொஞ்சம் தேயிலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏப்ரல் பிறந்தால் போதும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள்: வீட்டுக்காரர் அங்கே இருக்கிறார், லீவுக்குப் போகிறோம், அந்த வெயிலில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? ஊர் உலகமெல்லாம் வெயிலுக்குப் பயந்து மலையேறி வருகிற மாதத்தில் நாம் இறங்கிப் பாலைவனத்துக்குப் போகிறோம், அது ஒரு கூத்து. சரி, இந்த முறை வந்த கேள்விகளுக்கு எல்லாம் சேர்த்துப் பதில் எழுதிவிடுகிறேன்.

குன்னூரிலிருந்து ஒரு அம்மா: அக்கா, மே கடைசியில் போகிறோம். பையனுக்கு 7 வயது, பெண்ணுக்கு 4. பகலில் வெளியே போகவே முடியாதா? வீட்டுக்குள் அடைத்துவைத்தால் இரண்டும் சுவரேறும்.

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மே கடைசியில் 40 டிகிரி சாதாரணம், ஜூலை ஆகஸ்டில் 45-ஐத் தொடும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. கட்டட வேலை செய்து பழகின உடம்புக்கே அப்படியென்றால் சிம்ஸ் பார்க்கில் ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு?

நம் ஊரில் ஜூலை மழைக்கு என்ன செய்கிறோம்? கதவைச் சாத்தி அடுப்புப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, மழை விட்ட நேரம் பார்த்து ஓடிப்போய்க் காய்கறி வாங்கி வருகிறோம். அதையே அங்கே வெயிலுக்குச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். காலை 5.30-க்கெல்லாம் விடிந்துவிடும், 6 மணிக்குப் பிள்ளைகளைக் கீழே இறக்கி சைக்கிள் ஓட்டவிட்டு 7.30-க்குள் வீட்டுக்குள் வந்துவிடுங்கள். மதியம் நன்றாகத் தூங்கவையுங்கள், இது முக்கியம், ஏனென்றால் மறுபடி நாள் தொடங்குவது இரவு 8 மணிக்கு. போன புதிதில், ராத்திரி 11 மணிக்குப் பூங்காவில் பாய் விரித்து, கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு கறி சுட்டுச் சாப்பிடுகிற குடும்பங்களைப் பார்த்து, இந்த ஊரில் பிள்ளைகளைத் தூங்கவே வைக்க மாட்டார்களா என்று நினைத்தேன். அடுத்த வருஷம் நானும் பாயோடு அங்கேதான் இருந்தேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வெயில் தாழ்ந்துவிட்டது என்று நினைத்து ஒரு நாள் மாலை 4.30-க்குப் பெரியவனைக் கட்டடத்துக் கீழே இருந்த சறுக்குமரத்தில் விட்டேன். அரை டிராயர் போட்டிருந்தான். தொடை இரண்டும் கன்றிப்போய் ஒரு வாரம் மருந்து போட்டேன். இரும்போ பிளாஸ்டிக்கோ, உங்கள் கையை 5 விநாடி வைத்துப் பார்க்காமல் பிள்ளையை உட்காரவைக்காதீர்கள். கார் சீட் பெல்ட்டின் கொக்கியும் அப்படித்தான். அப்புறம் "ஒரு நிமிஷம்தானே" என்று பிள்ளையைக் காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போவதெல்லாம் கூடவே கூடாது, உயிருக்கும் ஆபத்து, அங்கே சட்டப்படி குற்றமும்கூட.

ஊட்டியில் டாக்ஸி ஓட்டும் தம்பி: எங்களுக்கு சீசன் முடிந்துதான் கிளம்ப முடியும், ஜூலையில் 10 நாள். அண்ணன் வீட்டில் தங்கல். மூன்று பிள்ளைகள். கை கடிக்காமல் என்னென்ன பார்க்கலாம்?

தம்பி, உங்களுக்குத்தான் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் துபாயில் காசு கொடுத்துப் பார்த்ததைவிடச் சும்மா சுற்றினதுதான் என் பிள்ளைகளுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

முதலில் மெட்ரோ. 2009-இல் ஓட ஆரம்பித்தது, ஓட்டுநர் கிடையாது, பெரும்பாலும் பாலத்தின் மேலேயே போகும். 5 வயதுக்குக் கீழே இருந்தால் டிக்கெட் இல்லை, மற்றவர்களுக்கு நோல் கார்டு, அதாவது பயண அட்டை, வாங்கிக்கொள்ளுங்கள். குளிர் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போய் வரலாம். உள்ளே எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது, 100 திர்ஹாம் அபராதம், பிள்ளை கையில் முறுக்கு கொடுத்துவிடாதீர்கள். பெண்கள், குழந்தைகளுக்கென்று தனிப் பெட்டி உண்டு, நீங்கள் தெரியாமல் அதில் ஏறி நின்றாலும் அபராதம்தான்.

மாலை இருட்டின பிறகு பர் துபாய் பக்கம் போய் அப்ராவில் ஏறுங்கள். அப்ரா என்பது கழிமுகத்தைக் கடக்கிற மரப்படகு, ஆளுக்கு 1 திர்ஹாம். அக்கரையில் தேரா, மசாலாக் கடைத்தெரு, தங்கக் கடைத்தெரு. வாங்க வேண்டாம், வேடிக்கை போதும். மதியம் போனால் பாதிக் கடை சாத்தியிருக்கும்.

துபாய் மாலில் 1 கோடி லிட்டர் தண்ணீர் பிடிக்கிற மீன் தொட்டி இருக்கிறது. உள்ளே குகை வழியாக நடக்கத்தான் டிக்கெட். வெளியே நடைபாதையில் நின்றே அந்தப் பெரிய கண்ணாடி வழியாகச் சுறாவும் திருக்கையும் போவதைப் பார்க்கலாம், காசில்லை. நாங்கள் டிக்கெட் வாங்கினது 16 வருஷத்தில் ஒரே முறை.

பிள்ளைகள் படிக்கிறவர்களாக இருந்தால் அல் ஜதாஃபில் இருக்கும் முகமது பின் ராஷித் நூலகம். 2022-இல் திறந்தார்கள். குர்ஆனை வைத்து ஓதுகிற மரப்பலகை விரிந்திருக்கும் பாருங்கள், கட்டடம் அந்த உருவத்தில் இருக்கும். நுழைவு இலவசம், முன்கூட்டிப் பதிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளுக்கென்று தனி நூலகம் இருக்கிறது, அரை நாள் ஓடிவிடும்.

கடலுக்கு இரவில் போங்கள். 2023-இலிருந்து ஜுமைராவிலும் உம் சுகீமிலும் இரவில் குளிக்கவென்றே விளக்குப் போட்டு, உயிர்காக்கும் ஆட்களை நிறுத்திக் கடற்கரைகளை விட்டிருக்கிறார்கள். ஆனால் ஜூலையில் கடல் தண்ணீர் வெந்நீர் மாதிரிதான் இருக்கும், ஏமாறாதீர்கள். குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் நீச்சல் குளம்தான், நிறைய இடங்களில் கோடையில் குளத்துத் தண்ணீரைக் குளிரவைப்பார்கள். உங்கள் அண்ணன் கட்டடத்தில் குளம் இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

குளோபல் வில்லேஜ், மிராக்கிள் கார்டன் என்று யாராவது ஆசை காட்டியிருந்தால் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், இரண்டும் கோடையில் மூடியிருக்கும்.

மஞ்சூரிலிருந்து: பனி கொட்டுகிற இடம் மாலுக்குள்ளேயே இருக்கிறதாமே, போகலாமா? நாமே குளிரில்தானே இருக்கிறோம்.

போகலாம், ஒரு முறை. ஸ்கி துபாய், மால் ஆஃப் தி எமிரேட்ஸில் 2005-இலிருந்து இருக்கிறது, பென்குயின்கூட உண்டு. நம் பிள்ளைகளுக்கு டிசம்பர், ஜனவரியில் புல் மேல் வெள்ளையாகப் படிகிற உறைபனிதான் தெரியும், அள்ளி உருட்டுகிற பனி தெரியாது, அதனால் ஆசைப்படத்தான் செய்வார்கள். ஜாக்கெட், கால்சட்டை, பூட்ஸ் அங்கேயே தருவார்கள். கம்பளிக் குல்லாவும் கையுறையும் வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள், நம்மிடம் இல்லாததா?

கூடலூரிலிருந்து ஒரு தங்கை: 8 மாதக் குழந்தையோடு ஜூன் முதல் வாரம் போகிறேன். பயமாக இருக்கிறது அக்கா.

பயப்படாதே, அங்கேயும் குழந்தைகள் பிறந்து வளர்கிறார்கள். ஆனால் முதல் வாரம் எங்கேயும் சுற்றாதே. உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், நாமெல்லாம் வேர்த்தே பழகாதவர்கள், நமக்கு இன்னும் கஷ்டம். தாய்ப்பால் கேட்கும்போதெல்லாம் கொடு. சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ, உடம்பு கொதித்தாலோ யோசிக்காமல் மருத்துவரிடம் போ. ஆம்புலன்ஸ் எண் 998.

குளிக்கவைப்பதில்தான் புதிதாகப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். மொட்டைமாடித் தொட்டியில் வெந்த தண்ணீர் நேராகப் பச்சைத் தண்ணீர்க் குழாயில் வரும், நேராகக் குழந்தை மேல் விட்டால் சுட்டுவிடும். அங்கே இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? கோடை முழுக்க கீசரை அணைத்துவிடுவார்கள். கீசர் வீட்டுக்குள் ஏசியில் இருப்பதால் அதில் தேங்கின தண்ணீர் ஆறிப்போய் இருக்கும், அதனால் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீர் வரும், பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர். சிரிக்காதே, நானும் முதல் நாள் மாற்றித் திறந்து அலறினேன். இரவே ஒரு வாளியில் பிடித்து வைத்துவிட்டால் இந்த வம்பே இல்லை.

அரவங்காட்டிலிருந்து: டெசர்ட் சஃபாரி கூட்டிப் போவதாக மச்சான் சொல்கிறார், பிள்ளைகளுக்கு 5, 9.

மச்சானிடம் டிசம்பரில் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுக்காத பிள்ளை மணல்மேட்டில் ஜீப் குதிக்கும்போது எடுக்கும், அதோடு அந்த வெக்கையும் சேர்ந்தால் யாருக்கும் சுகமில்லை.

கோத்தகிரி பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) ஒரு பெரியவர்: மகன் கூப்பிடுகிறான். எனக்கு 68, முழங்கால் வலி. பேரன் பேத்தியோடு நானும் சேர்ந்து பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா அம்மா?

இருக்கிறது ஐயா. ஜெபல் அலியில் 2022-இல் திறந்த பெரிய கோயில், பக்கத்திலேயே சீக்கியர்களின் குருத்வாரா. மாலையில் மகனோடு காரில் போய் வாருங்கள். அப்புறம் அல் ஃபாஹிதி பகுதியில் பழைய வீடுகள். மின்சாரமே இல்லாத காலத்தில் இந்த வெயிலை எப்படித் தாங்கினார்கள் என்று பேரனுக்குக் காட்டலாம்: கூரை மேல் நாலு பக்கமும் திறந்த கோபுரம் கட்டி, எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கியிருக்கிறார்கள். சந்துகளும் நிழல் விழுகிற மாதிரி குறுகல். வெயில் இறங்கின பிறகு மெதுவாக நடந்தால் போதும்.

ஜூலை, ஆகஸ்டில் போனால் பேரீச்சம்பழக் காலம். நாம் இங்கே வாங்கும் காய்ந்த பழம் இல்லை, பாதி கனிந்து பாதி மொறுமொறுப்பாக இருக்கும், ருதப் என்பார்கள். அதைச் சாப்பிடாமல் திரும்ப வேண்டாம். கரக் என்று ஏலக்காய் போட்டு, கெட்டிப் பால் ஊற்றிக் காய்ச்சுகிற டீயும் குடித்துப் பாருங்கள். கடைக்கு முன்னால் காரை நிறுத்தி ஹாரன் அடித்தால் டீ காருக்கே வரும். நம் இலைக்கு இவ்வளவு ஏலக்காய் தேவையில்லை என்பது என் எண்ணம், ஆனால் அதை அங்கே சொன்னால் கேட்க மாட்டார்கள்.

ஊட்டியிலிருந்து ஒரு டீச்சர்: எதற்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். புர்ஜ் கலீஃபா?

828 மீட்டர் கட்டடம், கீழே நின்று கழுத்து வலிக்கப் பார்ப்பதே ஒரு காட்சி. கோடையில் தூசியும் ஈரமும் சேர்ந்து புகைமூட்டமாக இருக்கிற நாட்கள் அதிகம், அப்படிப்பட்ட நாளில் மேலே ஏறினால் மேகம் மூடின தொட்டபெட்டாவில் நிற்கிற மாதிரிதான். வானம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

கிரீன் பிளானட் என்று கண்ணாடிக்குள் ஒரு மழைக்காடு இருக்கிறது, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது அதிசயம், சோலைக்குப் பக்கத்தில் வீடு வைத்திருக்கிற உங்களுக்கு எதற்கு? ஓமானில் சலாலா போகலாம் என்றும் சொல்வார்கள். ஜூன் கடைசியிலிருந்து அங்கே மூடுபனி, சாரல், பச்சைப் புல், வளைகுடா முழுக்கக் கார் கட்டிக்கொண்டு போகும். நம் தேவாலாவில் கொட்டுகிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அங்கே தூறுகிறது, அதைப் பார்க்க விமான டிக்கெட் போடுவது நம் ஆட்களுக்கு வீண். அமீரகத்துக்குள்ளேயே, ராஸ் அல் கைமா பக்கம் இருக்கும் ஜெபல் ஜைஸ் மலை 1,934 மீட்டர், கோத்தகிரியைவிடக் கொஞ்சம் உயரம், கீழே இருப்பதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும், ஆனால் மொட்டைப் பாறை. சாலை மட்டும் அருமை.

வெலிங்டனிலிருந்து: என்ன எடுத்துப் போக வேண்டும், என்ன கூடாது?

ஸ்வெட்டர். நிஜமாகத்தான் சொல்கிறேன், மாலிலும் மெட்ரோவிலும் ஏசி அப்படி இருக்கும், வேர்த்த உடம்போடு உள்ளே போனால் பிள்ளைகள் நடுங்கிப்போவார்கள். தொப்பி, கையை மூடுகிற பருத்திச் சட்டை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து. மாத்திரை இருந்தால் மருத்துவர் சீட்டோடு, சில மருந்துகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. கசகசா ஒரு சிட்டிகைகூடக் கூடாது, அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள், குருமாப் பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தால் அதையும் வைத்துவிட்டுப் போங்கள். வெற்றிலையும் வேண்டாம்.

சொந்தக்காரர்களுக்கு வர்க்கி கொண்டுபோங்கள், டப்பாவில் போட்டு, கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டால் தூள்தான். ஹோம்மேட் சாக்லேட் வேண்டவே வேண்டாம். நான் ஒரு முறை இரண்டு கிலோ கொண்டுபோனேன். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில், காரை நிறுத்திவிட்டுப் பால் வாங்கப் போன நேரத்தில், அது சாஸ் ஆகிவிட்டது.