பூவும் துவக்கும்

வணக்கம் அண்ணா,

ஹங்கேரியின் 'விஸ்கிக் கொள்ளையன்' அத்திலா அம்ப்ருஷைப் பற்றி வாசித்ததிலிருந்து தலைக்குள் அவன்தான். ஐஸ் ஹொக்கி கோல்காப்பாளன். பக்கத்து பாரில் விஸ்கி அடித்துவிட்டு வங்கிக்குள் நுழைவான், அங்குள்ள பெண்களுக்குப் பூக் கொடுப்பான். ஒருவரையும் கொல்லவில்லை. ஜனம் அவனைத் தலையில் தூக்கி வைத்தது. நம் இலங்கையைச் சுருட்டி 2022இல் வங்குரோத்தாக்கியவர்கள் சுகமாக இருக்கும்போது இவனை ரசித்தால் பிழையா? கொழும்பின் காலி வீதியில் கொள்ளை நடப்பதாக ஒரு கதை எழுதி இணைத்திருக்கிறேன். தமிழில் ஏன் இப்படிக் கதைகள் இல்லை?

ரா., வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

ரசிப்பதில் பிழையில்லை. நானும் ரசித்திருக்கிறேன். 1988இல் ரயிலுக்கு அடியில் ஒளிந்து ருமேனியாவிலிருந்து எல்லை கடந்தவன். 1993 தொடங்கி 1999 வரை வங்கி, தபாலகம், பயண முகவரகம் என்று முப்பதுக்குக் கிட்டக் கொள்ளை. பிடிபட்டும் அடங்கவில்லை, 1999 ஜூலையில் கயிறு கட்டிச் சிறையிலிருந்து இறங்கி, ஒக்டோபர் வரை பொலிஸை அலைக்கழித்தான். சோஷலிசம் போய், அரச சொத்தை வேண்டியவர்கள் பங்குபோட்ட காலம் அது. வங்கியில் கைவைப்பவனுக்கு ஜனம் கைதட்டத்தான் செய்யும். 2012இல் வெளியே வந்து மட்பாண்டம் செய்கிறான். நல்லது, செய்யட்டும்.

2022ஐ இதற்குள் இழுக்காதீர். யாரோ நாட்டைச் சுருட்டினதற்கு, மாதச் சம்பளத்துக்கு இருக்கிற ஒரு பிள்ளையின் நெஞ்சுக்கு நேரே துவக்கை நீட்டுவது என்ன கணக்கு? தமிழில் ஏன் இல்லை என்ற புலம்பலுக்கும் எனக்கு நேரமில்லை.

கதைக்கு வருகிறேன். மூன்றாம் பக்கத்தில் கொள்ளைக்காரன் ரோஜாப்பூவை நீட்டுகிறான், காசாளர் பெண் 'நாணத்தால் சிவந்தாள்'. சிவந்தாளா? எந்த வங்கியில் ஐயா கண்டீர்?

என் சின்னம்மா கொழும்பில் ஒரு வங்கியில் காசாளராக இருந்தார். எண்பதுகளின் கடைசி. விரலில் ரப்பர் உறை, பக்கத்தில் ஈரப் பஞ்சு வைத்த சின்னக் கிண்ணம். நோட்டு எண்ணுகிற நேரம் யார் கூப்பிட்டாலும் நிமிர மாட்டார். அன்றைக்கு நிமிர வைத்தவன், சிங்களத்தில் "பய வென்ன எப்பா, நங்கி" என்றானாம். பயப்படாதே தங்கச்சி. நல்ல சேர்ட், நல்ல சிரிப்பு, கையில் துவக்கு. பை நிரம்பியதும் "ஸ்தூதி", நன்றி என்றுவிட்டுப் போனான்.

அவன் போய்விட்டான். சின்னம்மாவுக்கு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. உள்ளேயிருந்து யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள் என்று விசாரிக்க வந்தவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். காசாளர் தமிழ், ஊர் யாழ்ப்பாணம். 1981இல் யாழ்ப்பாணத்து நீர்வேலியில் ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கத்துப் பெடியள் மக்கள் வங்கிப் பணத்தை வழிமறித்து எடுத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருந்த காலம். "அவன் ஏன் உம்மிடம் மட்டும் அவ்வளவு மரியாதையாகப் பேசினான்?" இதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டார்களாம். நீர் உருகி உருகி எழுதுகிறீரே, அந்த இனிமை, அதுதான் அவருக்கு எதிரான சாட்சி. துவக்குப் பிடியால் ரெண்டு அடி போட்டிருந்தால் அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். கடைசியில் ஒன்றும் நிரூபிக்க முடியாமல் விட்டார்கள். ஆனால் கூட வேலை செய்தவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை, சிரித்துப் பேசுகிற வாடிக்கையாளர் வந்தால் சின்னம்மாவின் கை மேசைக்குக் கீழே போய்விடுமாம்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? மாவனல்லைப் பக்கம் உத்துவன்கந்த சரதியேல் என்ற கொள்ளைக்காரனுக்கு ஒரு கிராமமே அமைத்து வைத்திருக்கிறார்கள். இருக்கிறவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுத்தவன், 1864 மே 7இல் கண்டியில் தூக்கிலேறியவன். பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதே ஆண்டு மார்ச் 21இல் அவனைப் பிடிக்கப் போய்ச் சுடப்பட்டு இறந்த கான்ஸ்டபிள் சபானை யாருக்குத் தெரியும்? கடமையில் உயிர்விட்ட முதல் பொலிஸ்காரர் என்று திணைக்களம் வருடாவருடம் அந்தத் திகதியில் நினைவுகூருகிறது. திணைக்களத்தோடு சரி.

அத்திலாவிடம் பூ வாங்கிய பெண்களை மறுநாள் மேலதிகாரி என்ன கேட்டிருப்பார்? பூவை எங்கே வைத்தார்கள், குப்பைத் தொட்டியிலா, வீட்டிலா? உமக்கு அதில் ஒரு கதை இருப்பது தெரியவில்லையே, அதுதான் கோபம்.

மூன்றாம் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதும். அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயரும் வையும். கொள்ளைக்காரனின் சப்பாத்துக்கு ஒரு பந்தி எழுதியிருக்கிறீர், அவளுக்குப் பெயரே இல்லை. ஆனால் அவன் காசுப்பையோடு 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, மிச்சக்காசு இருபது ரூபாவுக்கு நடத்துநரோடு சண்டை பிடிக்கிற இடம் இருக்கிறதே, அதில் ஒரு சொல்லையும் தொடாதீர். வாசித்துவிட்டுத் தனியே இருந்து சிரித்தேன்.