ஷாஃப்ட் பைக்கின் சத்தங்கள்: எது இயல்பு, எது பழுது?

கேள்வி: நான் கொட்டகலையில் ஆசிரியராக இருக்கிறேன். பல வருடம் பல்சர் ஓட்டியவன். இரண்டு மாதத்துக்கு முன் கண்டியில் ஒருவரிடம் யமஹா டிராக் ஸ்டார் 400 வாங்கினேன். காலையில் முதல் கியர் போட்டால் ‘டொங்’ என்று பெரிய அடி விழுகிறது. வளைவுகளில் எக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போதெல்லாம் காலுக்கடியில் ‘டக்’. 50, 60 வேகத்தில் பின்னாலிருந்து ‘ஙொய்’ என்று ஒரு இரைச்சல்; இறக்கத்தில் அதுவே வேறு குரலில் கேட்கிறது. கராஜில் காட்டினேன். பின் கியர் போய்விட்டது, கொழும்பில் பழைய செட் எடுத்துப் போடலாம் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? நல்லூர்த் திருவிழாவுக்கு இதிலேயே யாழ்ப்பாணம் போக நினைத்திருக்கிறேன், போகலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். இப்போதைக்கு அந்தப் பின் கியர் பெட்டியைத் திறக்கவும் விடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று சத்தமும் ஷாஃப்ட் பைக்குக்கு, அதாவது செயினுக்குப் பதிலாக ஓர் இரும்புத் தண்டு பின்சக்கரத்தைச் சுற்றும் பைக்குக்கு, சொந்தமானவை. உங்கள் காது பல்சரில் பழகிய காது, ஓட்டுவதோ மலை ரோட்டில். இரண்டும் சேர்ந்ததால்தான் இவ்வளவு கேட்கிறது.

ஷாஃப்ட் ஒன்றும் புது வித்தையில்லை. பீஎம்டபிள்யூவின் முதல் மோட்டார் சைக்கிளான ஆர் 32, 1923இலேயே ஷாஃப்டில்தான் ஓடியது. நம் பக்கத்தில் செயின் பைக்தான் எங்கும் என்பதால் இதன் சத்தம் நமக்குப் பழக்கமில்லை. செயின் கொஞ்சம் தொய்வாக இருக்கும், பின் ஹப்பில் றப்பர் இருக்கும்; எஞ்சின் கொடுக்கிற உதறலில் பாதியை அவை விழுங்கிவிடும். மிச்சம் இருக்கிற சின்னச் சின்ன சத்தத்தைச் செயினின் சலசலப்பே மூடிவிடும். ஷாஃப்டில் அந்தச் சலசலப்பு இல்லை. எஞ்சினிலிருந்து டயர் வரை பெரும்பாலும் இரும்போடு இரும்பு. டிராக் ஸ்டாரில் எஞ்சினின் கிராங்க் தண்டு குறுக்காகச் சுற்றுகிறது, ஷாஃப்ட் நீளவாக்கில் ஓடுகிறது, பின்சக்கரம் மறுபடி குறுக்காகச் சுற்றுகிறது. அதாவது சுழற்சி இரண்டு இடத்தில் 90 பாகை திரும்புகிறது. இரண்டு இடத்திலும் பெவல் கியர் (சரிவாக வெட்டிய பற்சக்கரங்கள்). நடுவே யுனிவர்சல் ஜொயின்ட் (ஷாஃப்ட் மடங்கிச் சுற்ற உதவும் சிலுவை வடிவ மூட்டு), அதற்கப்புறம் ஸ்ப்லைன் (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் வரிப்பற்கள்).

இந்த ஒவ்வோர் இணைப்பிலும் வேண்டுமென்றே ஒரு சிறு இடைவெளி விட்டிருப்பார்கள். பெவல் பற்களுக்கிடையில் அது ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான். அந்த இடம் இல்லாவிட்டால் பல் சூடாகி விரியும்போது இறுகிப்போகும், ஒயிலும் உள்ளே நுழையாது. கியர் பெட்டிக்குள் பற்சக்கரங்களைக் கொளுவும் கொக்கிகளில் இன்னும் தாராளமான இடைவெளி உண்டு. எல்லாம் ஒன்றாகக் கூடித்தான் உங்கள் காலுக்கடியில் ‘டக்’ என்கிறது. எக்சிலேட்டரைப் பிடித்தால் பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து தள்ளும். விட்டால் சக்கரம் எஞ்சினைத் தள்ள, அத்தனையும் மறுபக்கம் வந்து மோதும். விட்டுப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் இது நடக்கும்.

கொழும்பில் இதே பைக்கை வைத்திருப்பவர் காலி வீதியில் ஒரே பிடியில் போய்க்கொண்டிருப்பார். நீங்கள் கொட்டகலையிலிருந்து தலவாக்கலைக்குப் போய் வருவதற்குள் எத்தனை வளைவு, எத்தனை முறை விட்டுப் பிடிக்கிறீர்கள்? போதாததற்கு ஒரு பக்கம் மண் வெட்டிய சுவர். அதில் பட்டு சத்தம் அப்படியே காதுக்குத் திரும்பி வரும். வண்டியில் இருக்கிற சத்தம் அதேதான், நம் ரோடு அதைக் கூட்டிக் காட்டுகிறது.

குறைக்க வழி இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் எக்சிலேட்டரை முழுதாக மூடாமல் ஒரு நூலளவு பிடித்தபடி, பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள். பற்கள் ஒரே பக்கம் சாய்ந்தபடி இருக்கும், மோதலுக்கு இடமிருக்காது. எக்சிலேட்டர் கேபிளில் தொய்வு அதிகமென்றால் அதையும் சரிபாருங்கள். கை திருப்பியும் ஒன்றும் நடக்காமல் இருந்து திடீரென்று பிடிப்பது ‘டக்’கை இரட்டிப்பாக்கும். அப்புறம், ஏற்றத்தில் ஐந்தாம் கியரிலேயே இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பல்சரில் அது எஞ்சினுக்கு மட்டும்தான் கஷ்டம். இதில் இரண்டு சிலிண்டரின் ஒவ்வோர் அடியும் நேராக ஷாஃப்டில் சுத்தியலாக விழும்.

இன்னொன்றும் உண்டு. பழைய டிராக் ஸ்டார் காபரேட்டர் வண்டி. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கீழ்நாட்டில் டியூன் செய்த காபரேட்டர் மேலே வந்தால் பெற்றோல் கூடி ஐட்லிங் தடுமாறும். தடுமாறும் எஞ்சின் ஷாஃப்டையும் உதறும், மெதுவாகப் போகும்போது ‘டக் டக்’ கூடும். உங்கள் பைக் கண்டியிலிருந்து வந்தது, கண்டி 500 மீற்றர் அளவில்தான். ஆகவே பின் பெட்டிக்குக் கை வைக்குமுன் ஐட்லிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன வேலைதான்.

காலை ‘டொங்’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒயிலில் நனைந்த கிளட்ச் தட்டுகள் இரவுக் குளிரில் ஒட்டிக்கொண்டிருக்கும். லீவரைப் பிடித்தாலும் முழுதாகப் பிரியாது, உள்ளே கியர் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைக் கொண்டுபோய் நிற்கிற கியரில் கொளுவினால் அடி விழத்தான் செய்யும். எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, கிளட்சைப் பிடித்தபடி நாலைந்து நொடி பொறுத்து கியரைப் போடுங்கள். சூடான பிறகும் அதே அளவு அடி விழுந்தால் கிளட்ச் கேபிளைச் சரிசெய்ய வேண்டும். (பழைய பீஎம்டபிள்யூ, மோட்டோ குஸ்ஸி வைத்திருப்பவர்களுக்கு: உங்களுடையது உலர் கிளட்ச். லீவரைப் பிடித்ததும் கலகலவென்று வருவது அதன் குணம்.)

இனி இரைச்சல். 60 கிலோமீற்றர் வேகத்தில் உங்கள் பின்சக்கரம் நொடிக்கு எட்டு முறை அளவில் சுற்றுகிறது. பின் பெட்டியின் பெரிய பற்சக்கரமான கிரவுனில் 30 பல் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 240 முறை பல்லும் பல்லும் தொடுகின்றன. காதுக்குக் கேட்காமல் இருக்குமா? பழைய இ.போ.ச. பஸ் கினிகத்தேனை ஏற்றத்தில் வரும்போது டிஃபிலிருந்து (பின் அச்சின் கியர் பெட்டியிலிருந்து) வருகிற அதே இரைச்சல்தான் இது, அளவில்தான் சிறியது. இறக்கத்தில் குரல் மாறுவதற்கும் பயப்படாதீர்கள். ஏறும்போது பல்லின் ஒரு முகம் வேலை செய்கிறது, எஞ்சின் பிரேக்கில் இறங்கும்போது மறு முகம். இரண்டு முகமும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. பிடித்தால் ஒரு குரல், விட்டால் ஒரு குரல் என்றால் அது கியர் பல்லின் சத்தம். கியர் பல் பேசலாம்.

பேசக் கூடாதது பேரிங். அது பிடித்தாலும் விட்டாலும் குரலை மாற்றாமல் ‘உர்ர்’ என்று, வேகம் ஏற ஏற ஏறிக்கொண்டு போகும். கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி: சமமான ரோட்டில் 60இல் போங்கள் (நம் பக்கத்தில் சமமான ரோட்டுக்கு எங்கே போவது என்பது வேறு கதை). அதே வேகத்தில் ஐந்திலிருந்து நாலாம் கியருக்கு மாற்றுங்கள். சத்தம் மாறாவிட்டால் அது கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. கிளட்சைப் பிடித்து உருளவிடுங்கள். அப்போதும் அதே உறுமல் என்றால் பின் பெட்டி பேரிங், சக்கர பேரிங், இல்லாவிட்டால் டயர். இடமும் வலமும் சாயும்போது உறுமல் மாறினால் முதலில் சக்கர பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பட்டன் வைத்த புது டயர் போட்டிருந்தால் அதுவும் ஊளையிடும், மறந்துவிடாதீர்கள்.

பைக்கைத் தள்ளிக்கொண்டு போகும்போது ‘டிக்… டிக்…’ என்று சீராகக் கேட்டால், அதோடு குறிப்பிட்ட வேகத்தில் காலில் அதிர்வும் வந்தால், யுனிவர்சல் ஜொயின்ட். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அது ஓடும்போது உடைந்தால் பின்சக்கரம் இறுகிவிடலாம். எஞ்சினுக்குப் பின்னால் உள்ள றப்பர் உறையை விலக்கி ஷாஃப்டைக் கையால் அசைத்துப் பார்த்தால் தெரியும். ஜொயின்ட்டின் நடுவில் உள்ள சிலுவையில் துளி ஆட்டமும் இருக்கக் கூடாது.

இப்போது உங்கள் வீட்டு முற்றத்தில் செய்யக்கூடியது. டிராக் ஸ்டாருக்கு நடு ஸ்டாண்ட் இல்லை, ஜாக் வைத்து ஒருவர் பிடித்துக்கொள்ள, பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். நியூட்ரலில் கையால் சுற்றுங்கள். மெல்லிய உரசல் இருந்தால் சரி. ஓர் இடத்தில் தட்டினால் சரியில்லை. டயரின் மேலும் கீழும் பிடித்துக் குறுக்காக ஆட்டுங்கள், அசையவே கூடாது. பிறகு முதல் கியரைப் போட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் அசையுங்கள். அது அசையும், அசையத்தான் வேண்டும். ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கையில்) ஒரு கம்பியை முள்ளாகக் கட்டி, டயரின் ஓரத்தில் இரண்டு முனையிலும் சோக்கால் கோடு போட்டு, இடையில் எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்து எழுதி வையுங்கள். ஒரு விரல் அகலம் வந்தாலும் பதற வேண்டாம், கியர் பெட்டியின் இடைவெளியும் அதில் சேர்ந்திருக்கிறது. அந்த எண்ணைத் தனியாக வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அடுத்த சேர்விஸில் கூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. சக்கரத்தைக் கால் கால் சுற்றாகத் திருப்பி நாலு இடத்தில் அளந்து பாருங்கள். இடத்துக்கு இடம் பெரிய வித்தியாசம் வந்தால்தான் கிரவுனையும் அதைச் சுற்றும் சின்னப் பற்சக்கரமான பினியனையும் பற்றி யோசிக்க வேண்டும்.

அடுத்தது ஒயில். பின் பெட்டிக்கான ஒயில் தனி, பெரும்பாலான பைக்குகளில் கால் லீற்றருக்கும் குறைவாகவே பிடிக்கும். இவ்வளவு சின்ன விஷயம் என்பதால்தான் கைமாறிக் கைமாறி வந்த வண்டிகளில் அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு இந்தப் பைக்குகள் எத்தனை கை மாறின என்று உங்களுக்கே தெரியும். கொஞ்சம் ஓடிச் சூடான பிறகு வெள்ளைத் துணி விரித்த தட்டில் வடியுங்கள். விரலில் தேய்த்தால் சாம்பல் நிறப் பசை மாதிரி மாவு இருந்தால் அது வழமையான தேய்மானம். செதிலோ நகக்கண் அளவு துண்டோ கிடைத்தால் மட்டும் பெட்டியைத் திறக்கலாம். பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. அட்டன், மஸ்கெலியா பக்கத்து மழையில் அது ஆச்சரியமில்லை. ஆனால் மழையைவிட, சேர்விஸ் ஸ்டேஷனில் பிரெஷர் தண்ணீரை அந்த றப்பர் உறைமேல் நேராக அடிப்பதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். அடிக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். புது ஒயில் ஹைபொயிட் கியர் ஒயிலாக, கையேட்டில் உள்ள தரத்தில் இருக்க வேண்டும். மிஞ்சிய எஞ்சின் ஒயிலை ஊற்றுகிறவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

பின் டயர் மாற்றும்போது ஒருமுறை கூடவே நில்லுங்கள். சக்கரம் கழன்று வந்ததும் ஹப்பின் ஸ்ப்லைன் பல்லில் செங்கல் தூள் மாதிரி சிவந்த பொடி இருந்தால், கிறீஸ் இல்லாமல் இரும்பு இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது. துடைத்துவிட்டு மொலிப்டினம் கிறீஸ் பூசச் சொல்லுங்கள். உங்கள் ‘டக்’கில் ஒரு பங்கு அங்கேயே அடங்கிவிடக்கூடும்.

கராஜில் சொன்ன பழைய செட் விஷயத்துக்கு வருகிறேன். கிரவுனும் பினியனும் ஜோடியாகவே தேய்ந்து, ஒன்றோடொன்று முகம் பழகியவை. இன்னொரு வண்டியிலிருந்து எடுத்த செட்டைப் போட்டால் மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்து, பல்லில் மை தடவி, எங்கே தொடுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பொருத்த வேண்டும். லொறி டிஃப் கட்டிப் பழகிய கைக்கு இது தெரியும். தெரியாதவர் கழற்றி மாட்டினால் இப்போது ‘ஙொய்’ என்பது அன்றைக்கு அலறும், சில ஆயிரம் கிலோமீற்றரில் பல்லும் போகும். நல்ல பெட்டியைக் கெடுக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

யாழ்ப்பாணம் தாராளமாகப் போகலாம். யுனிவர்சலில் ஆட்டம் இல்லை, ஒயிலில் துண்டு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, புது ஒயிலோடு கிளம்புங்கள். நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்கு இறங்கும்வரை சத்தம் எல்லாம் கூடவே வரும். தம்புள்ளை தாண்டி, அப்புறம் வவுனியா தாண்டி ஏ9இல் ஒரே பிடியில் போகும்போது ‘டக்’ காணாமல் போயிருக்கும், இரைச்சல் மட்டும் இருக்கும். வண்டி தானாகவே சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், திரும்பி மலை ஏறியதும் மறுபடி கேட்கும். வந்த பிறகு சக்கரத்தைத் தூக்கி அந்தச் சோக்குக் கோட்டை இன்னொரு முறை அளந்து பாருங்கள். கூடியிருந்தால் இரண்டு எண்ணையும் குறிப்பிட்டு எனக்கு எழுதுங்கள்.