55 ஆண்டும் ஒரு நாளும்

கேள்வி: கஞ்சா விற்ற இளைஞருக்கு 55 ஆண்டு சிறை விதித்த அமெரிக்க நீதிபதி, 'இது அநியாயம்' என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறாராமே? அநியாயம் என்று தெரிந்தால் குறைத்துக் கொடுக்க வேண்டியதுதானே? எப்படியும் நம் ஊர் போல 14 ஆண்டில் வெளியே விட்டுவிடுவார்கள், இல்லையா?
— ஒரு வாசகர், தென்காசி

பதில்: உங்கள் கோபம் சரி, அது பாய்கிற ஆள்தான் தவறு. அந்தத் தண்டனையை உச்சரித்தவர் நீதிபதி. எழுதியவர் அரசு வழக்கறிஞர்.

நீங்கள் சொல்வது யூட்டா மாநிலத்து வெல்டன் ஏஞ்சலோஸ் வழக்கு. 2002-ல் போலீஸின் உளவாளி ஒருவருக்கு மூன்று முறை கஞ்சா விற்றார். ஒவ்வொரு முறையும் 8 அவுன்ஸ், அதாவது கால் கிலோவுக்கும் குறைவு. இரண்டு விற்பனையின்போது அவரிடம் துப்பாக்கி இருந்தது. சுடவில்லை, நீட்டி மிரட்டவும் இல்லை. பிறகு வீட்டைச் சோதனை போட்டபோதும் துப்பாக்கிகள் கிடைத்தன.

போதைப்பொருள் வியாபாரத்தில் துப்பாக்கி வைத்திருந்தால் ஃபெடரல் சட்டப்படி, அதாவது அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி, குறைந்தது 5 ஆண்டு. அன்றைய சட்டத்தில் இரண்டாவது குற்றச்சாட்டிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 25 ஆண்டு. இவற்றை ஏக காலத்தில் அனுபவிக்க முடியாது. ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்கும். 'இரண்டாவது' என்றால், ஒருமுறை தண்டனை பெற்றுத் திரும்பி வந்து மறுபடி செய்தவன் என்றுதானே நினைப்போம்? இல்லை, ஒரே விசாரணையில், ஒரே குற்றப்பத்திரிகையில் இருந்தாலும் அது இரண்டாவதுதான் என்று 1993-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக 5+25+25. நீதிபதி பால் கேசல் இளகிய மனசுக்காரர் என்று பெயர் எடுத்தவர் அல்லர். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களின் உரிமைக்காக வாதாடியவர். அவரே 2004 நவம்பரில் இந்தத் தண்டனையை நீதியற்றது, கொடூரமானது, அறிவுக்கே பொருந்தாதது என்று எழுதினார். மூதாட்டி ஒருவரைக் கட்டையால் அடித்துக் கொன்றவருக்கு அதே நாளில் அவர் விதித்தது 22 ஆண்டு. ஏஞ்சலோஸின் மற்ற குற்றச்சாட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் கொடுத்தது ஒரே ஒரு நாள். குறைக்க முடிந்த இடத்தில் அவர் குறைத்தது அவ்வளவுதான்.

இனி அரசு வழக்கறிஞருக்கு வருவோம். முதல் குற்றப்பத்திரிகையில் துப்பாக்கிக் குற்றச்சாட்டு ஒன்றுதான். குற்றத்தை ஒப்புக்கொண்டால் 15 ஆண்டு பரிந்துரைக்கிறோம், மறுத்தால் புதிய குற்றச்சாட்டுகள் சேரும் என்றார்கள். அவர் மறுத்தார். புதுக் குற்றப்பத்திரிகை வந்தது. துப்பாக்கிக் குற்றச்சாட்டு ஐந்தாகிவிட்டது. கூட்டிப் பாருங்கள்: 5, பிறகு நான்கு 25. குறைந்தபட்சமே 105 ஆண்டு! இடையில் அவர் புதிதாக எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஜூரி விசாரணை கேட்டார். ஜூரி மூன்றை மட்டும் ஏற்றதால் 55-ல் நின்றது.

இப்படி மிரட்டலாமா என்றால், தாராளமாக. சட்டப்படி சுமத்தக்கூடிய குற்றச்சாட்டாக இருந்தால், பேரத்தில் அதைக் காட்டி அழுத்தலாம் என்று 1978-லேயே உச்ச நீதிமன்றம் அனுமதித்திருக்கிறது. ஃபெடரல் நீதிமன்றங்களில் தண்டனை பெறுகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் விசாரணைக்கே போகாமல் குற்றத்தை ஒப்புக்கொள்வது ஏன் என்று இப்போது புரியும்.

'கொடூரமான தண்டனை கூடாது' என்ற அரசியல் சாசனப் பிரிவைக் கேசல் பயன்படுத்தியிருக்கலாமே என்பீர்கள். 9 அவுன்ஸ் கஞ்சாவுக்கு 40 ஆண்டு செல்லும் என்ற 1982 தீர்ப்பு அவர் கையைக் கட்டிவிட்டது. எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு என்று நீதிபதிக்கு வழிகாட்டும் தண்டனை அட்டவணைகள் கட்டாயமல்ல, ஆலோசனைதான் என்று 2005-ல் வந்த தீர்ப்பும் இங்கே உதவாது. அது அட்டவணையைத்தான் தளர்த்தியது, நாடாளுமன்றம் போட்ட குறைந்தபட்சத்தை அல்ல. முதல்முறை சிக்கிய சிறு ஆட்களுக்காக 1994-ல் ஒரு விலக்கு கொண்டுவந்தார்கள். துப்பாக்கி இருந்தால் அதுவும் கிடையாது. மிஞ்சுவது ஒரே வழி: பிறரைக் காட்டிக்கொடுத்து உதவினால் குறைந்தபட்சத்துக்கும் கீழே இறங்கலாம். ஆனால் அதற்கு அரசு வழக்கறிஞர்தான் மனு போட வேண்டும். நீதிபதி தானாகச் செய்ய முடியாது. இதில் கூத்து என்னவென்றால், கும்பலின் தலைக்குச் சொல்ல நூறு பெயர் இருக்கும். மூட்டை தூக்கியவனுக்கு யாரைத் தெரியும்? தலை சீக்கிரம் வெளியே வரும், கூலியாள் முழுசாக அனுபவிப்பான்.

14 ஆண்டு நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். 1987 நவம்பர் 1-க்குப் பிறகு செய்த ஃபெடரல் குற்றங்களுக்குப் பரோல் வாரியம் கூடி முன்விடுதலை தரும் ஏற்பாடு இல்லை. நன்னடத்தைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 54 நாள் கழியும். 55 ஆண்டுக்கு அது 2,970 நாள். எட்டு ஆண்டுக்குச் சற்று மேல். மீதி 47 ஆண்டை உள்ளேதான் கழிக்க வேண்டும்.

ஏஞ்சலோஸ் அவ்வளவு காலம் இருக்கவில்லை. தண்டனையைக் குறைக்கும்படி கேசலே ஜனாதிபதியை வேண்டியிருந்தார், மேல்முறையீடு தோற்றது, கடைசியில் அரசு வழக்கறிஞர் தரப்பு முன்வந்த பிறகே 2016-ல் தண்டனை குறைந்து வெளியே வந்தார். பூட்டியவர்களிடமே சாவியும் இருந்தது. 2020 டிசம்பரில் ஜனாதிபதியின் மன்னிப்பும் கிடைத்தது.

2018 டிசம்பரில் சட்டம் திருந்தியது. முன்பே ஒரு வழக்கில் தீர்ப்பு இறுதியாகி, அதன் பிறகும் செய்தவருக்குத்தான் இப்போது அந்த 25 ஆண்டு. ஆனால் அதற்கு முன் தண்டனை அறிவிக்கப்பட்டவர்களுக்கு இந்தத் திருத்தம் தானாகப் பொருந்தாது. புதியவர்களுக்கும் ஒவ்வொரு துப்பாக்கிக் குற்றச்சாட்டுக்கும் 5 ஆண்டு, ஒன்றன்பின் ஒன்றாக என்பது அப்படியே இருக்கிறது. ஏஞ்சலோஸ் வழக்கு இன்று வந்தால் மூன்றுக்கு 15 ஆண்டு, ஐந்தும் நிரூபணமானால் 25. மூன்றைச் சுமத்துவதா ஐந்தைச் சுமத்துவதா என்பதை இன்றும் அரசு வழக்கறிஞர்தான் முடிவு செய்கிறார்.