ஹாலோ நைட்: வழி தெரியாமல் நிற்பவர்களுக்கு ஒரு கேள்வி பதில்

‘ஹாலோ நைட்’ என்ற வீடியோ கேமை விளையாடுகிறவர்களும் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். கதையின் முடிவைத் தொடவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

அண்ணா, எல்லோரும் ஆகா ஓகோ என்றார்களே என்று வாங்கினேன். ஒரே குகைக்குள் சுற்றிச் சுற்றி வருகிறேன், மேப்கூட இல்லை. இதில் அப்படி என்னதான் இருக்கிறது?

தம்பி, நீங்கள் குறை என்று நினைப்பதுதான் இந்த கேமின் உயிர். மேப் இருக்கிறது, ஆனால் தேடிப் போய் வாங்க வேண்டும். பெரும்பாலான பகுதிகளில் எங்கோ ஓரிடத்தில் கார்னிஃபர் என்பவர் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பார். அவர் பக்கத்தில் இருக்கிறார் என்பதற்கு அடையாளம், தரையில் சிதறிக் கிடக்கும் காகிதங்கள். இன்னும் நெருங்கினால் அவர் முனகிப் பாடுவது கேட்கும். ஹெட்ஃபோன் போட்டு ஆடுங்கள், கண்ணைவிடக் காது முதலில் கண்டுபிடித்துவிடும்.

அவர் விற்கும் படம் அரைகுறைதான். மிச்சத்தை நாம்தான் நிரப்ப வேண்டும். அதற்கு டர்ட்மவுத் என்ற ஊரில் அவர் மனைவி இசெல்டாவின் கடையில் 120 ஜியோ (கேமில் புழங்கும் காசு) கொடுத்து இறகுப் பேனா வாங்குங்கள். அதன் பிறகு பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் புதிதாகப் பார்த்த அறைகள் படத்தில் சேரும். நாம் நிற்கும் இடத்தைப் படத்தில் காட்டும் திசைகாட்டி சார்ம் (மாட்டிக்கொள்ளும் தாயத்து) 220 ஜியோ. அதற்கு சார்ம் மாட்டும் குழி ஒன்று போய்விடும். ஆரம்பத்தில் இருப்பதே மூன்று குழிதான், இருந்தாலும் முதல் சில பகுதிகளுக்கு அதைப் போட்டுக்கொள்ளுங்கள், தப்பே இல்லை.

படம் கையில் இல்லாதபோதுதான் நாம் சுவரைப் பார்க்கிறோம். கிராஸ்ரோட்ஸ் பகுதியின் சாம்பல் நிறத்தில் மேற்கு ஓரமாகப் பச்சை படரத் தொடங்கினால், அந்தப் பக்கம் கிரீன்பாத் என்ற பகுதி இருக்கிறது என்று யாரும் சொல்லாமலே புரிகிறது. இப்படி இடத்தைப் படிக்க வைத்த கேம்கள் குறைவு. பாஸ் (பெரிய எதிரி) சண்டைகளைவிட இதற்காகத்தான் ஹாலோ நைட்டை நான் உயரத்தில் வைக்கிறேன்.

மான்டிஸ் லார்ட்ஸ் என்ற மூன்று பாஸ்களிடம் அடி வாங்கியே அலுத்துவிட்டது. என் கை வேகம் போதவில்லையோ?

கை வேகம் ஒரு காரணமே இல்லை. முதலில் ஒருத்தி மட்டும் இறங்குவாள். அவளிடம் இருப்பது மூன்றே அடி: தரையோடு பாய்ந்து வருவது, மேலிருந்து நேராகக் குத்துவது, சுவரில் தொற்றிக்கொண்டு சுழலும் ஆயுதத்தை வீசுவது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு நொடி உடம்பு தனி மாதிரி நிற்கும். அவளை வென்றதும் மற்ற இருவரும் சேர்ந்து வருவார்கள். அப்போதும் புது அடி ஒன்றுகூடக் கிடையாது, அதே மூன்றுதான். பாடம் நடத்திவிட்டுத்தான் பரீட்சை வைக்கிறார்கள்.

அடுத்த தடவை உள்ளே போனதும் அடிக்கவே அடிக்காதீர்கள். தப்பிப்பதை மட்டும் பழகுங்கள். கண்ணுக்குப் பழகிய பிறகு, ஒவ்வொரு அடியும் முடியும் இடத்தில் ஒரே ஒரு வெட்டு. இரண்டாவது வெட்டுக்கு ஆசைப்படுகிற இடத்தில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள்.

அப்படியும் முடியவில்லையா, விட்டுவிட்டு சிட்டி ஆஃப் டியர்ஸ் பகுதிக்குப் போங்கள். அங்கே மேற்குக் கோடியில் இருக்கும் கொல்லர் 250 ஜியோவுக்கு நம் ஆயுதமான ஆணியைக் கூராக்கித் தருவார். ஒரு வெட்டின் பலம் 5-லிருந்து 9 ஆகும், கிட்டத்தட்ட இரட்டிப்பு. திரும்பி வந்து ஜெயித்த பிறகு மான்டிஸ்களின் கிராமத்துக்குள் நடந்து பாருங்கள். இதுவரை பாய்ந்து வந்த பூச்சிகள் எல்லாம் தலை குனிந்து வழிவிடும். அதைப் பார்க்கவாவது ஜெயிக்க வேண்டும்.

செத்தால் மொத்தக் காசும் போகிறது. இது அநியாயம் இல்லையா, சார்?

காசு போவது அநியாயம் இல்லை. செத்த இடத்துக்குப் பக்கத்தில் உங்கள் நிழல் நிற்கும், அதை வீழ்த்தினால் மொத்தமும் திரும்ப வரும். போகிற வழியில் மறுபடி செத்தால்தான் நிரந்தர நஷ்டம். டர்ட்மவுத்தில் ஒரு பூட்டிய கதவை சாதா சாவியால் திறந்தால் ஜிஜி இருப்பாள். அழுகிய முட்டை ஒன்று கொடுத்தால் நிழலை அங்கேயே வரவழைத்துத் தருவாள்.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது வேறொன்றில். சில பாஸ்களுக்கும், செத்தால் நாம் மறுபடி கிளம்பும் பக்கத்துப் பெஞ்சுக்கும் இடையே உள்ள தூரம். குவீன்ஸ் கார்டன்ஸில் இருக்கும் டிரெய்டர் லார்டிடம் தோற்றால், முள்ளும் பூச்சியுமாக நீண்ட வழி ஒன்றை ஒவ்வொரு தடவையும் கடக்க வேண்டும். அந்த நடையில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. இவ்வளவு கவனமாகச் செய்த கேமில் இது தெளிவான குறை.

ஈஸி மோட் ஏன் வைக்கவில்லை?

வைத்திருக்கலாம் என்பதுதான் என் கருத்து. 2018-இல் வந்த செலஸ்ட், வேகத்தைக் குறைக்கவும் அடிபடாமல் இருக்கவும் தனி வசதி வைத்தது. அதனால் அதன் மதிப்பு குறையவில்லை. 2024-இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி லாஸ்ட் கிரவுன், வழி மறக்காமல் இருக்க மேப்பிலேயே அந்த இடத்தின் படத்தை ஒட்டிவைக்க விட்டது. ஹாலோ நைட்டில் அது இருந்திருந்தால் தேடல் கெடாமலே பலர் பிழைத்திருப்பார்கள். இப்போதைக்கு சார்ம்கள்தான் நமக்கு ஈஸி மோட். சீக்கிரம் உயிர் ஏற்ற குவிக் ஃபோகஸ், அடிபடும்போது சோல் (உயிர் ஏற்றப் பயன்படும் சக்தி) தரும் கிரப்சாங் இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்.

பையனுக்குப் பத்து வயது. விளையாடக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம் அம்மா. எல்லாம் பூச்சிகள்தான், கோரமாக எதுவும் இல்லை. சோகம் உண்டு. டீப்நெஸ்ட் என்ற இருட்டுப் பகுதி பெரியவர்களையே பயமுறுத்தும், அங்கே மட்டும் பக்கத்தில் உட்காருங்கள்.

நேரடியாக இதன் அடுத்த கேமான சில்க்சாங்கிலிருந்து ஆரம்பிக்கலாமா? யார் செய்தது இதையெல்லாம்?

அடிலெய்டைச் சேர்ந்த ஆரி கிப்சனும் வில்லியம் பெல்லனும் தொடங்கிய சின்னக் குழு. 2014-இல் கிக்ஸ்டார்ட்டரில் 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டார்கள், 57,000-க்கு மேல் கிடைத்தது. 2017 பிப்ரவரியில் கேம் வந்தது. இசை கிறிஸ்டஃபர் லார்கின். முதலில் கூடுதல் பகுதியாகத் தருவதாகச் சொன்ன ஹார்னெட் என்ற பாத்திரத்தின் கதை வளர்ந்து வளர்ந்து, 2025 செப்டம்பர் 4 அன்று சில்க்சாங் என்று தனி கேமாகவே வந்தது.

ஆரம்பிக்க வேண்டியது முதல் கேமில்தான். சில்க்சாங்கில் ஒரே மூச்சில் மூன்று முகமூடி (உயிரை எண்ணும் அளவு) ஏறும், ஆனால் பல எதிரிகள் ஒரே அடியில் இரண்டைப் பிடுங்குவார்கள். ஆரம்ப பாஸ்கள் இரண்டை அவர்களே முதல் பேட்சில் (திருத்தத்தில்) கொஞ்சம் இளக்க வேண்டியிருந்தது. முதல் கேமை முடித்த கைக்குத்தான் அந்த வேகம் ருசிக்கும்.

கன்ட்ரோலர் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். கீபோர்டு போதும்.

ஒயிட் பேலஸ் என்ற பகுதியின் ரம்பங்களில் சிக்கிக்கொண்டேன். அதற்குள் பாத் ஆஃப் பெயின் என்ற இன்னும் கடினமான வழி வேறு இருக்கிறதாமே, அதையும் முடிக்க வேண்டுமா?

பாத் ஆஃப் பெயின் கட்டாயம் இல்லை. முடித்தால் கிடைப்பது ஒரு சின்னக் காட்சி. அது அருமையான காட்சிதான், ஆனால் அதற்காகக் கண்ணீர் விட வேண்டாம். பேலஸைக் கடக்க ஹைவ் பகுதிக்குப் போய் ஹைவ்பிளட் சார்மை எடுத்து வாருங்கள். நான்கு குழி பிடிக்கும், ஆனால் கடைசியாக இழந்த முகமூடி சில நொடிகளில் தானாக வளர்ந்துவிடும். ரம்பத்தில் பட்டதும் அவசரப்பட்டு அடுத்த தாவலுக்குப் போகாமல், அது வளரும்வரை நின்றுவிட்டுக் கிளம்புங்கள்.