பெயருக்குப் பணமா, ஏற்புக்குப் பணமா?

பல மொழி எழுத்துகளில் அமையும் இணைய முகவரிகளைப் பரவலாக்க யார் பணம் போடுவது, எதற்கு முதலிடம் தருவது என்பது குறித்து வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: தமிழிலும் அரபியிலும் சீனத்திலும் டொமைன் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று பல காலமாகச் சொல்கிறார்கள். கண்ணில் படுவதெல்லாம் ஆங்கில எழுத்து முகவரிகளாகவே இருக்கின்றனவே, தொழில்நுட்பம் இன்னும் தயாராகவில்லையா?

பெயரை எழுதவும் தேடிக் கண்டுபிடிக்கவும் வேண்டிய தொழில்நுட்பம் தயாராகி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. முகவரிகளைத் தேடித்தரும் டிஎன்எஸ் அமைப்பில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் சிறுகோடும் மட்டுமே வழங்கிவந்ததால், அந்த அமைப்பையே மாற்றாமல், எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் குறிக்கும் யூனிகோடு எழுத்துகளை அந்தச் சிறிய எழுத்துத் தொகுதிக்குள் அடக்கித் தரும் ‘ப்யூனிகோடு’ என்ற முறை 2003 மார்ச்சில் நெறியாக வெளியிடப்பட்டது. அதையொட்டிய விதிகள் 2010-இல் திருத்தி எழுதப்பட்டன. ‘இந்தியா’ என்ற மேல்நிலை டொமைனை, அதாவது முகவரியில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் பகுதியை, எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு அது நான்கு எழுத்து. டிஎன்எஸ் சேவையகத்துக்குப் போகும்போது, பன்மொழிப் பெயர்களுக்கெல்லாம் பொதுவான முன்னொட்டையும் சேர்த்து, அது 17 குறிகள் கொண்ட ஆங்கிலச் சரமாக மாறுகிறது. பயனர் அதைப் பார்க்கவே தேவையில்லை, உலாவியே மாற்றிக்கொள்கிறது.

2007-இல், இணையப் பெயர்களை உலகளவில் ஒருங்கிணைக்கும் ஐக்கான் அமைப்பு, மேல்நிலைப் பெயர்களின் மூலப் பட்டியலான வேர் மண்டலத்தில் பல மொழிகளில் 11 சோதனைப் பெயர்களைச் சேர்த்தபோது அவற்றில் தமிழும் ஒன்று. 2010 மே மாதத்தில் எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றின் அரபி எழுத்துப் பெயர்களும், அடுத்த சில நாட்களில் ரஷ்யாவின் சிரிலிக் பெயரும் நடைமுறைக்கு வந்தன. ஆக, பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டிய மென்பொருள்கள்தான் இன்னும் தயங்கி நிற்கின்றன.

கேள்வி: தயக்கம் எங்கே என்று குறிப்பாகச் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் ஒரே ஒரு வரி நிரலில். இணையப் படிவத்தில் மின்னஞ்சல் முகவரியைச் சரிபார்க்க எழுதப்பட்ட நிரல்களில், கடைசிப் புள்ளிக்குப் பின் ஆங்கிலச் சிற்றெழுத்துகள் இரண்டு முதல் நான்கு வரை இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எத்தனையோ இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாரோ எப்போதோ எழுதியதை அடுத்தவர் நகலெடுத்து, அவரிடமிருந்து இன்னொருவர் நகலெடுத்த வரி அது. 2001-இல் ‘மியூசியம்’ என்ற ஆறெழுத்து ஆங்கில டொமைன் வந்தபோதே அந்த நிபந்தனை பொய்த்துவிட்டது. அப்போது திருத்தாதவர்கள் தமிழ் முகவரிக்காகத் தாமாகவே திருத்துவார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. செல்லுபடியாகும் முகவரியைத் தட்டச்சு செய்தவரிடம் ‘சரியான முகவரியை உள்ளிடவும்’ என்று சிவப்பு எழுத்தில் அறிவுரை சொல்வது அந்த வரிதான்.

மின்னஞ்சலில் சிக்கல் இன்னும் ஆழமானது. டொமைன் பகுதி மட்டும் வேற்றெழுத்தில் இருந்தால் அதை ப்யூனிகோடாக மாற்றி அனுப்பிவிடலாம். ‘அட்’ குறிக்கு முன்னால் வரும் பெயர்ப் பகுதிக்கு அப்படி ஒரு மாற்று கிடையாது. ஆகவே அனுப்புபவரின் சேவையகம், இடையில் உள்ளவை, பெறுபவரின் சேவையகம் எல்லாமே புதிய நெறியை அறிந்திருக்க வேண்டும். ஒன்று அறியாவிட்டாலும் கடிதம் திரும்பி வந்துவிடும். அந்த நெறி 2012-இல் வெளியானது. ஜிமெயில் 2014-இல் இத்தகைய முகவரிகளுக்கு அஞ்சல் அனுப்பவும் அவற்றிலிருந்து பெறவும் தொடங்கியது.

கேள்வி: பொது நிதி ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். எதற்கு முன்னுரிமை தர வேண்டும்? தாய்மொழி டொமைன்களை இலவசமாக வழங்கினால் பயன்பாடு பெருகாதா?

பதிவு எண்ணிக்கை பெருகும். பயன்பாடு பெருகும் என்று சொல்ல மாட்டேன். இலவசமாகக் கிடைத்த பெயரை வாங்கியவர், அதை வைத்து ஒரு மின்னஞ்சல் கணக்குத் தொடங்கி, அந்த முகவரி நான்கு படிவங்களில் நிராகரிக்கப்பட்ட பிறகு, இரண்டாம் ஆண்டில் புதுப்பித்தல் கட்டணம் எதற்காகக் கட்டுவார்? மானியம் தருபவருக்கு முதலாண்டு அறிக்கையில் அழகான எண் கிடைக்கும், அவ்வளவுதான். முகவரிகள் எங்கும் ஏற்கப்படும் நிலை முதலில் வர வேண்டும், பெயர் விற்பனை பின்னால் வரட்டும் என்பதே என் கருத்து. இந்த ஏற்புப் பணிக்கென்றே ‘யூனிவர்சல் அக்செப்டன்ஸ்’ என்ற பெயரில் 2015-இல் ஒரு வழிகாட்டுக் குழு தொடங்கப்பட்டது.

பணம் முதலில் போக வேண்டிய இடம், எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் திறமூல நிரல் நூலகங்கள். பைத்தான் என்ற நிரல்மொழியுடன் சேர்ந்தே வரும், டொமைன் பெயரை ப்யூனிகோடாக மாற்றும் நிரல் 2003-ஆம் ஆண்டு விதிகளின்படி அமைந்தது. புதிய விதிகள் வேண்டுமென்றால் தனியே ஒரு தொகுப்பை நிறுவிக்கொள்ள வேண்டும். இரண்டு விதிகளுக்கும் வேறுபாடு சிறியதுதானே என்று தோன்றலாம். ஆனால் பாரசீகத்திலும் சிங்களத்திலும் எழுத்துகளைப் பிரிக்கவும் இணைக்கவும் பயன்படும் கண்ணுக்குத் தெரியாத குறிகளைப் பழைய விதி நீக்கிவிடுகிறது, புதிய விதி உரிய இடத்தில் அனுமதிக்கிறது. ஒரே பெயர் இரண்டு மென்பொருள்களில் இரண்டு இடங்களுக்குப் போனால் அது பாதுகாப்புச் சிக்கல். இத்தகைய நூலகம் ஒன்றைத் திருத்தி, சோதித்து, ஆண்டுக்கணக்கில் பராமரிக்க ஓரிருவருக்குச் சம்பளம் கொடுத்தால், அதைப் பயன்படுத்தும் பல்லாயிரம் நிரல்கள் தனித்தனியே செலவு செய்யாமலே திருந்திவிடும்.

அடுத்தது, செலவே அதிகம் இல்லாத வழி: கொள்முதல் நிபந்தனை. அரசுகளும் பல்கலைக்கழகங்களும் மென்பொருள் வாங்கும் ஒப்பந்தங்களில், எந்த எழுத்திலுள்ள டொமைனையும் மின்னஞ்சலையும் ஏற்க வேண்டும், சேமிக்க வேண்டும், பிழையின்றிக் காட்ட வேண்டும் என்று ஒரு பத்தி சேர்த்து, சோதனைக்குரிய முகவரிப் பட்டியலையும் உடன் இணைத்தால், விற்பனையாளர் தாமே வழிக்கு வருவார். சோதனைப் பட்டியல் இல்லாமல் ‘இணக்கம் உண்டு’ என்று வாங்கிக்கொள்ளும் கையொப்பத்தை நம்புவதற்கில்லை.

கேள்வி: இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வரும்?

ஐக்கான் வசம் இருக்கிறது. ஒரே மேல்நிலைப் பெயருக்குப் பலர் போட்டியிட்டபோது நடத்தப்பட்ட ஏலங்களில் அதற்கு 20 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது; 2016-இல் ‘வெப்’ என்ற ஒரு பெயர் மட்டும் 13.5 கோடி டாலருக்குப் போனது. அந்த நிதியிலிருந்து 2024-இல் முதல் சுற்று நல்கைக்கு 1 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. பெயர் விற்றுச் சேர்ந்த பணம் பெயர்களை எங்கும் செல்லுபடியாக்கச் செலவிடப்படுவது நியாயமே. நாட்டு டொமைன்களை நடத்தும் பதிவகங்களும் பதிவுக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை நிலையாக ஒதுக்கலாம். நல்கை ஓராண்டில் முடிந்துவிடும், பராமரிப்பு முடியாது என்பதால், இந்த இரண்டாவது வழியே எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது.

கேள்வி: புதிய டொமைன்களுக்கு விண்ணப்பிக்கும்போது பிற எழுத்துப் பெயர்களுக்கு முன்னுரிமை கொடுத்தால் போதாதா?

கொடுத்துப் பார்த்தாயிற்று. 2012-ஆம் ஆண்டுச் சுற்றில் வந்த 1,930 விண்ணப்பங்களில் ஆங்கில எழுத்துகளில் மட்டும் அடங்காத பெயர்கள் 116 மட்டுமே. விண்ணப்பக் கட்டணம் 1,85,000 டாலர் என்னும்போது அதில் வியப்பில்லை. பரிசீலனை வரிசைக்கான குலுக்கலில் அவற்றுக்கு முதலிடம் தரப்பட்டது. 2013 அக்டோபரில் வேர் மண்டலத்தில் முதன்முதலாகச் சேர்ந்த நான்கு பெயர்களும் அரபி, சிரிலிக், சீன எழுத்துகளில் அமைந்தவை. அப்புறம்? முதலில் உள்ளே போனவர்கள், படிவங்களின் மறுப்பையும் முதலில் எதிர்கொண்டார்கள். வரிசையில் முன்னால் விடுவது நல்ல சலுகைதான், ஆனால் கதவு திறந்திருக்க வேண்டும்.

கேள்வி: எழுத்துகள் பெருகினால் போலி முகவரிகளும் பெருகாதா? அதனால்தான் நிறுவனங்கள் ஒதுங்குகின்றனவோ?

அச்சம் ஆதாரமற்றதல்ல. 2017-இல் ஆப்பிள் நிறுவனத்தின் முகவரி போலவே தோன்றும் ஒன்றைச் சிரிலிக் எழுத்துகளால் ஓர் ஆய்வாளர் பதிவு செய்து காட்டியபோது, முன்னணி உலாவிகள் சில அதை வேறுபடுத்திக் காட்டவில்லை. தமிழுக்குள்ளேயே பார்க்கலாம்: ‘ஔ’ என்ற ஓரெழுத்தும், ஒகரத்தை அடுத்து ளகரம் இட்ட ‘ஒள’ என்ற ஈரெழுத்தும் திரையில் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு அவை வேறு வேறு. தமிழ் எண் ஒன்றும் ககரமும் அப்படித்தான். தமிழ் உகரத்தையும் மலையாள உகரத்தையும் அவசரத்தில் பிரித்தறிய முடியாது.

இதற்குத் தீர்வு எழுத்துகளைத் தடை செய்வது அல்ல. எந்த எழுத்து எதனுடன் குழம்பும் என்று மொழியறிந்தவர்கள் உட்கார்ந்து விதி எழுதுவது. வேர் மண்டலத்துக்கு அந்த வேலை நடந்து, தமிழ் உட்படப் பல இந்திய எழுத்துகளுக்கு விதிகள் வெளியாகியுள்ளன. அதற்குக் கீழ்நிலையில் ஒவ்வொரு பதிவகமும் தன் எழுத்துப் பட்டியலைத் தானே வகுத்துக்கொள்கிறது. மொழியறிஞர்களின் நேரத்துக்கு ஊதியம் தர வேண்டிய பணி இது. தன்னார்வலர்களின் தோளிலேயே எல்லாவற்றையும் ஏற்றிவைப்பது முறையல்ல.

கேள்வி: தேடுபொறியும் செயலிகளும் வந்துவிட்டன. முகவரியை யார் தட்டச்சு செய்கிறார்கள்?

இணையதள முகவரியைப் பொறுத்தவரை உங்கள் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மின்னஞ்சல் முகவரியை எந்தத் தேடுபொறியும் நமக்காக நிரப்பித் தருவதில்லை. அதுவே பல சேவைகளில் உள்நுழையும் அடையாளமாகவும் இருக்கிறது.

கேள்வி: சிறிய இணையதளம் ஒன்றை நடத்துகிறேன். என் பங்குக்கு என்ன செய்யலாம்?

பதிவுப் படிவத்தில் உள்ள முகவரிச் சோதனை நிரலை நீக்கிவிட்டு, அந்த முகவரிக்கு ஓர் உறுதிப்படுத்தல் கடிதம் அனுப்பி அது சேர்கிறதா என்று பாருங்கள். முகவரி செல்லுமா என்பதற்கு அதைவிட நம்பகமான சோதனை கிடையாது. தரவுத்தளத்தில் முகவரிக்கான புலம் யூனிகோடை முழுமையாக ஏற்கிறதா, போதிய நீளம் உள்ளதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கடிதம் அனுப்பும் சேவை தமிழ் முகவரியை மறுத்தால், எந்த முகவரி, என்ன பிழைச்செய்தி என்பதைக் குறிப்பிட்டு அந்தச் சேவையினருக்கு எழுதுங்கள். கேட்பவர் எவரும் இல்லை என்பதையே அவர்கள் இதுவரை காரணமாகச் சொல்லிவருகிறார்கள்.