அமில மண்ணில் அலுமினிய நச்சை நெல் எப்படித் தாங்குகிறது? குடியாத்தம் பக்கத்து என் கழனிக்குச் சுண்ணாம்பு போடலாமா?

தயவுசெய்து சுண்ணாம்பு மூட்டையை இப்போதே வாங்கிவிடாதீர்கள். பயிரைப் பிடுங்கி, பழுப்பேறிய வேரைக் காட்டி, "மண் புளித்துவிட்டது, அலுமினியம் வேரைச் சுடுகிறது" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

வாலாஜா பக்கம் ஏரிக்குக் கீழே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். ஒரு நவரைப் போகத்தில் பயிர் தூர் கட்டாமல் நின்றது. உரக்கடைக்காரர் வேரைப் பார்த்ததுமே சுண்ணாம்பு என்றார். மாமனார், "நம்முடையது களர் மண், மாப்பிள்ளை. புளித்த மண்ணெல்லாம் கேரளத்துக் குட்டநாட்டுப் பக்கம்" என்று தடுத்தார். நான் கேட்கவில்லை, 15 மூட்டை இறைத்தேன். பயிர் இன்னும் வெளிறியது, இலையெங்கும் துருப்புள்ளி. பிறகுதான் மண்ணை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போனேன். மண்ணின் புளிப்பைக் காட்டும் எண்ணான பி.எச். 8.4 (7-க்குக் கீழே போனால்தான் புளிப்பு). துத்தநாகப் பற்றாக்குறைதான் நோய். என் சுண்ணாம்பு அதை முற்றவைத்திருந்தது. அந்தப் போகத்தில் போட்ட பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. வேரின் பழுப்போ நோயே அல்ல. நெல் வேர் கசியவிடும் காற்று பட்டுச் சேற்றிலுள்ள இரும்பு துருவாகி வேர்மேல் படிகிறது. நல்ல வேருக்கும் அந்த நிறம் உண்டு.

இனி உங்கள் முதல் கேள்வி. அலுமினியம் எல்லாக் களிமண்ணிலும் இருக்கிறது. பி.எச். 5-க்குக் கீழே இறங்கும்போதுதான் அது கரைந்து வேர் நுனியைத் தாக்கி, வளர்ச்சியை நிறுத்துகிறது. தானியப் பயிர்களில் இதை மிக நன்றாகத் தாங்குவது நெல். ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகத்தார் 2009-இல் ஆர்ட்1 என்ற மரபணுவைக் கண்டறிந்தார்கள். அது ஒரு தலைமை விசைபோல 31 மரபணுக்களை இயக்குகிறது. அவற்றில் ஸ்டார்1, ஸ்டார்2 இரண்டும் சேர்ந்து, செல்சுவரில் அலுமினியம் ஒட்டாதபடி அதை மாற்ற உதவுகின்றன. என்ராட்1 அலுமினியத்தைச் சுவரிலிருந்து செல்லுக்குள் இழுக்கிறது. நஞ்சை உள்ளே விடுவதா என்று நானும் திகைத்தேன். ஏஎல்எஸ்1 அதைச் செல்லின் உள்ளறையான நுண்குமிழிக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறது! ஆனால் எல்லா நெல்லும் ஒன்றல்ல: கோஷிஹிகாரி என்ற ஜப்பானிய ரகம் தாங்குகிறது, கசலாத் என்ற இண்டிகா (வெப்ப நாட்டு நெல் வகை) ரகம் வாடுகிறது. நம் ஊர் ரகங்களும் பெரும்பாலும் இண்டிகாதான். தவிர, சேடை ஓட்டி நீர் கட்டினாலே அமில மண்ணின் பி.எச். மெல்ல ஏறி அலுமினியம் அடங்கிவிடும். தொல்லை பெரும்பாலும் நீர் கட்டாத மேட்டு நெல்லுக்குத்தான்.

"விவசாயிக்கு மரபணுப் பேச்சு எதற்கு" என்று கேட்க வருபவர்களுக்கு: வேளாண்மை படிக்கும் என் மகள் உட்கார்ந்து விளக்கியதை எழுதியிருக்கிறேன். மாவட்டத்தில் எங்குமே அமில மண் இல்லை என்றும் நான் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்து நஞ்சு வேறு. பாலாற்றங்கரைத் தோல் ஆலைக் கழிவால் கிணறுகள் உப்பாகின. 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. எங்கள் கிணற்று நீரை இன்றும் மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. அந்த உப்பைத் தாங்கும் வேரைப் பற்றி எந்த உரக்கடையிலும் யாரும் பேசுவதில்லை.

கழனியில் ஏழெட்டு இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு மண் வெட்டி, கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ கொண்டுபோய்க் கொடுங்கள். வருகிற எண்ணை இங்கே எழுதுங்கள். 8.5-க்கு மேல் என்றால் களரைத் திருத்தும் ஜிப்சம் பற்றிப் பேசுவோம்.